போனுக்குத் தோஷம் கழித்த சித்தர்

அந்த ஞாயிற்றுக்கிழமை மலேசியாவின் கோலசிலாங்கூர் காலைச் சந்தையில் மீன் வாங்க ஆளில்லை. எல்லாரும் சாஃப்ட்வேர் சித்தரின் கூடாரத்தில் நின்றார்கள். பதாகையில் சித்தர் சிரித்தார். கீழே கொட்டை எழுத்து: ‘உங்கள் போன் ஆமையா? குதிரையாக்குகிறோம்! கம்பெனிக்காரன் பூட்டி வைத்த வேகத்தைத் திறந்துவிடும் இமயமலை சாஃப்ட்வேர்!’

இமயமலையில் எந்தக் குகையில் கம்ப்யூட்டர் இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கட்டணம் கிடையாது, காணிக்கைதான். காணிக்கை ஐம்பது வெள்ளிக்குக் குறைந்தால் சாஃப்ட்வேர் கோபித்துக்கொள்ளுமாம்.

லீலாவதியும் வரிசையில் நின்றாள். பக்கத்து ஆற்றங்கரைக் கிராமமான கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்க வருகிறவர்களுக்குப் படகு பதிவு செய்வது அவள் வேலை. பதிவெல்லாம் வாட்சாப்பில்தான். போனோ இழு இழு என்று இழுத்தது. ஒரு பஸ் கூட்டம் அனுப்பிய செய்தி மறுநாள்தான் திறந்தது. “இன்னொரு தடவை இப்படி ஆனா வேற ஆளைப் பார்த்துக்குவேன்” என்று படகு முதலாளி சொல்லிவிட்டார்.

கூட வந்த நாத்தனார் தனேஸ்வரிக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“அண்ணி, போனுக்கும் செவ்வாய் தோஷமா?”

“சும்மா இரு தனேசு. சலாவுதீன் பாய் போனு போன வாரம் இங்கதான் சரியாச்சு. பறக்குதாம்!”

“உங்க போனு பூரா சாமி படம். அழிங்கன்னா கேக்குறீங்களா?”

“சாமியை அழிக்கிறதா? பாவம்டி!”

“சரி, திரைக்குப் பின்னால கொண்டுபோய் அவரு என்ன பண்றாரு?”

“சாஃப்ட்வேர் ஏத்துறாருலா! நாலு பேர் பார்த்தா சக்தி போயிடும்.”

சித்தர் போனைத் திறந்து பார்க்கமாட்டார். சிவப்புத் துணியில் வைத்து, தன் கருவியை மேலே காட்டுவார். கருவி கீச்சென்று கத்தும். கருவியில் தோஷ அளவு சிவப்பாக ஏறும். பிறகு போன் திரைக்குள் போகும்.

தனேஸ்வரி இதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “இதோ வர்றேன்” என்று மளிகைக் கடைப் பக்கம் போனாள். திரும்பியவள் மூடி போட்ட ஒரு போன் உறையோடு அண்ணியை முந்திக்கொண்டு முன்னே போனாள்.

“சாமி, முதல்ல என்னோடதப் பாருங்க. மூச்சே இல்ல.”

கருவி கத்தோ கத்தென்று கத்தியது. சித்தர் கண்ணை மூடினார்.

“பெரிய தோஷம்மா. உனக்கு ஆகாதவங்க செய்வினையை வாட்சாப்பில அனுப்பியிருக்காங்க.”

“உள்ள என்ன தெரியுது சாமி?”

“கறுப்பா ஒரு உருவம்.”

“அப்படியா? எனக்கு வெள்ளையால்ல தெரியுது!”

உறையைத் திறந்து காட்டினாள். உள்ளே போன் அளவுக்குச் சீவிய துணி சோப்பு.

சித்தர் அசரவில்லை. “சோப்புக்கும் தோஷம் வரும்!”

கூட்டம் சிரித்தது. ஆனால் கூட்டத்தில் நின்ற சலாவுதீன் பாய்க்குப் பொறுக்கவில்லை. “ஏம்மா, அப்ப என் போனு எப்படி வேகமாச்சு? நான் பொய்யா சொல்றேன்?”

“இல்ல பாய். உங்களுக்கு வந்த ஜும்ஆ முபாரக் படமெல்லாம் இருக்கான்னு பாருங்க.”

பாய் தேடினார். மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். “ஒண்ணுகூட இல்லியே! மக நிக்காஹ் படத்தையும் காணோமே!”

ஏற்கெனவே தோஷம் கழித்தவர்களும் போனைத் திறந்தார்கள், பின்னாலிருந்து ஓலம் கிளம்பியது.

“ஐயோ, என் முருகன்!”

“என் மாரியாத்தா எங்கடா?”

காலை வணக்கம் சொன்ன சாமி, பதினொரு பேருக்கு அனுப்பச் சொன்ன சாமி, அழித்தால் கண் போகும் என்று மிரட்டிய சாமி, எல்லாரையும் சித்தர் துடைத்திருந்தார். மதபேதம் பார்க்காத மகான்! இடம் காலியானது, போன் ஓடியது. இமயமலை சாஃப்ட்வேர் என்று அவர் போனில் ஏற்றியது தொட்டால் மணியடிக்கிற ஒரு படம். அவ்வளவுதான்.

“நான் எடுக்கல. சாமிங்க தானா மேல போயிட்டாங்க” என்றார் சித்தர்.

பாய் அவர் சட்டையைப் பிடித்தார். “என் மக நிக்காஹும் மேல போயிடுச்சாடா?”

லீலாவதி தன் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கொடுத்திருந்தால் பதிவும் போயிருக்கும், வேலையும் போயிருக்கும்.

“அண்ணி, இப்பவாவது நீங்களே அழிங்க.”

“சாமிடி...”

“சாமி கோயிலைக் காலி பண்ணிட்டு உங்க போனுக்கா குடி வந்திருக்கு?”

லீலாவதி கன்னத்தில் போட்டுக்கொண்டு மொத்தமாக அழித்தாள். இடி விழவில்லை. சிக்கிக் கிடந்த செய்தி ஒன்று திறந்தது: ‘இன்று மாலை படகு கிடைக்குமா?’ லீலாவதி அங்கேயே நின்று ‘கிடைக்கும், வாங்க’ என்று அனுப்பினாள்.

காணிக்கை போட்டே தீருவேன் என்கிறவர்கள் எதையாவது போடுங்கள், ஐயா. மூளையை மட்டும் கழற்றிப் போடாதீர்கள். அதுவும் திரைக்குப் பின்னால் போனால் காலியாகத்தான் திரும்பும்.