இடப்பக்கக் கதவு பூட்டிய கதை

எனக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது ஒரு பொருளைத் திருத்துவதை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், அது எனக்கும் வரும் என்று நம்பிவிடுவேன். (பார்த்தது கைத்தொலைபேசியில், அதுவும் இடையிடையே தாண்டித் தாண்டி என்பதெல்லாம் எனக்குக் கணக்கில்லை.) இந்த வியாதிக்குப் பலியான மிக்சியையும் மின்விசிறியையும் பற்றி நான் வாய் திறக்கப் போவதில்லை. கதவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நான் சொல்லாவிட்டாலும் மாமா சொல்லிவிடுவார்.

மாமா என்றால் என் கணவர் சுதனின் அப்பா. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நாங்கள் எல்லோரும் ஒரே வீடு. மாமாவிடம் ஒரு ஏ-40 கார் இருக்கிறது. அதற்கும் அவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. காரில் எல்லாம் ஒழுங்கு, இடப்பக்க முன்கதவைத் தவிர. அதன் கீல்களில், அதாவது பிணைச்சல்களில், இருந்த ஆணியும், ஆணி சுழல்கிற பித்தளைப் புஷ்ஷும் தேய்ந்துபோய், திறந்த உடனே கதவு ஓர் அங்குலம் கீழே தொங்கிவிடும். மூடுவதென்றால் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துத் தள்ள வேண்டும். மாமா வேறு ஒருவரையும் அதில் தொட விடமாட்டார்.

"விடு பிள்ளை, உனக்கு அதின்ரை பக்குவம் தெரியாது" என்பார்.

ஆறு வருசத்துக்கு முன்பு மாமா கண் ஒப்பரேஷனுக்காக மாமியோடு கொழும்புக்குப் போனார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று மாமி போன் எடுத்தார்.

"சனிக்கிழமை ரெயினிலை வாறம். ஒரு மாசத்துக்குப் பாரம் தூக்கவே கூடாதாம் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்."

எனக்கு உடனே கதவு ஞாபகம் வந்தது. ஸ்டேஷனில் காரைக் கண்டதும் மனிசன் இரண்டு கையாலும் அதைத் தூக்கப் போகிறார். நாங்கள் சொன்னாலும் கேட்கப் போவதில்லை.

"வான் ஒண்டு பிடிச்சுக்கொண்டு போவம்" என்றார் சுதன்.

"ஒரு நாளைக்கு வான் பிடிக்கலாம். மாசம் முழுக்கப் பிடிக்கேலுமோ? கதவைத் திருத்துவம்."

"ஆர் திருத்திறது?"

"நான்."

சுதன் மிச்சத் தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தார்.

நான் பௌதிகவியல் படிப்பிக்கிற ரீச்சர். விசை, உராய்வு எல்லாம் வருசா வருசம் கரும்பலகையில் எழுதுகிறேன். இரண்டு பிணைச்சல் எனக்கு என்ன பெரிய காரியமோ என்று நினைத்தேன். பள்ளிக்கூடமும் விடுமுறை. புதன்கிழமை காலையில் கதவுக்குக் கீழே ஜாக்கி வைத்து, இடையில் தலையணை ஒன்றைச் செருகி (மாமியின் தலையணை), சுத்தியலோடு இறங்கினேன். துருப்பிடித்துக் கறளேறிய ஆணிகள் அசையவில்லை. எண்ணெய் ஊற்றினேன். அடித்தேன். திரும்ப எண்ணெய், திரும்ப அடி. மத்தியானம் ஆணிகள் கழன்று வந்தபோது என் பெருவிரல் நகம் கறுத்திருந்தது. ஆணிகள் நடுவில் எலி கடித்த கரும்பு மாதிரி இருந்தன.

அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் மருதனார்மடத்துக்குப் போனேன். அங்கே சந்திக்குக் கிட்ட சிவம் அண்ணை என்பவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஆணிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "காரைக் கொண்டு வாங்கோ பிள்ளை, நான் பொருத்திப் பூட்டித் தாறன்" என்றார்.

"இல்லை அண்ணை, நானே பூட்டுறன்."

"அப்ப ஒண்டு சொல்லுறன். ஆணி இறுக்கமாத்தான் போகும். போகேல்லை எண்டு அரத்தாலை ராவிப்போடாதேங்கோ."

"ஓம் அண்ணை" என்றேன். அந்த நேரம் அதை உண்மையாகத்தான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலையில் புது ஆணிகளும் புஷ்களும் கைக்கு வந்தன. புஷ்களை இறக்கிவிட்டேன். ஆணி பாதி போய் நின்றுவிட்டது. அடித்தும் போகவில்லை. அரத்தை எடுத்தேன்.

"அவர் ராவ வேண்டாம் எண்டெல்லோ சொன்னவர்?" என்றார் சுதன்.

"கொஞ்சம்தான்."

அந்தக் கொஞ்சம் பின்னேரம்வரை நடந்தது. கடைசியில் ஆணி வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. மேலேயிருந்து அடிக்கச் சுத்தியலுக்கு இடமில்லை என்றபடியால் இரண்டு ஆணிகளையும் கீழேயிருந்து மேலே செருகினேன். கதவை ஒரு விரலால் தள்ளினேன். 'டக்' என்று மூடியது. முப்பது தடவையாவது திறந்து மூடியிருப்பேன். வீடியோ எடுத்து என் அக்காமாருக்கும் அனுப்பினேன். (அந்த வீடியோ இப்போதும் அவர்களிடம் பத்திரமாக இருக்கிறது.)

சனிக்கிழமை சுதன் கார் ஓட்ட, நான் பின்சீற்றில் இருந்தேன். பலாலி வீதியில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது 'டிங்' என்று ஒரு சத்தம்.

"என்னவோ விழுந்தமாதிரிக் கிடக்கு" என்றார் சுதன்.

"கல்லுத் தெறிச்சிருக்கும். போங்கோ."

ஸ்டேஷனில் மாமா கறுப்புக் கண்ணாடியோடு மெதுவாக நடந்து வந்தார். மாமி அவர் கையைப் பிடித்திருந்தார். நான் காருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

"மாமா, இனி நீங்கள் உந்தக் கதவைத் தூக்கத் தேவையில்லை. சும்மா ஒரு விரலாலை இழுத்துப் பாருங்கோ."

மாமா இழுத்தார். கதவு வந்தது. வந்தது நிற்கவில்லை, தொடர்ந்து வந்தது. கீழ் ஆணி பலாலி வீதியில் கிடக்க, மேல் ஆணி அந்த நேரம் பார்த்துக் கீழே விழுந்தது. பழகிய பழக்கத்தில் மாமாவின் இரண்டு கையும் தம்பாட்டில் போய்க் கதவைத் தாங்கிக்கொண்டன. ஒரு மாசத்துக்குப் பாரம் தூக்கக்கூடாத மனிசன், முழுக் கதவையும் நெஞ்சோடு அணைத்தபடி நின்றார்.

"பிள்ளை, இதை எங்கை வைக்க?" என்று கேட்டார்.

சுதனும் இரண்டு ஓட்டோக்காரரும் ஓடிவந்து வாங்கினார்கள். மாமி, "கண், கண்" என்று கத்தினார். நேரே ஒரு கண் டொக்டரிடம் ஓட்டோவில் போனோம். அங்கே காத்திருந்த ஒரு மணித்தியாலமும் நான் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கண்ணுக்கு ஏதும் நடந்தால் இந்த வீட்டில் என்ன முகத்தோடு இருப்பேன் என்று திரும்பத் திரும்ப நினைத்தேன். மாமி என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

டொக்டர் பார்த்துவிட்டு, "கண்ணுக்கு ஒண்டுமில்லை. என்ன பாரம் தூக்கினனீங்கள்?" என்று கேட்டார்.

"ஒரு கதவு" என்றார் மாமா.

"வீட்டுக் கதவோ?"

"இல்லை, கார்க் கதவு."

டொக்டர் எங்கள் எல்லோரையும் ஒரு தடவை பார்த்தார். மாமா என் பக்கம் கையைக் காட்டவில்லை. அதை நான் மறக்கமாட்டேன்.

அவர்களை ஓட்டோவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நானும் சுதனும் ஸ்டேஷனுக்குத் திரும்பிப் போய்க் காரை எடுத்தோம். கதவு பின்சீற்றில், என் மடியில். வழியில் சைக்கிளில் வந்த என் மாணவி ஒருத்தி, "குட் ஆஃப்டர்நூன் ரீச்சர்" என்றாள். நான் மடியிலிருந்த கதவின் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து தலையாட்டினேன்.

"மெக்கானிக்கைக் கூப்பிடுவம்" என்றார் சுதன்.

"தேவையில்லை."

திங்கட்கிழமை திரும்பவும் சிவம் அண்ணையிடம் போனேன். மேல் ஆணியை வாங்கிப் பார்த்தார்.

"ராவினனீங்களோ?"

"ஓம்."

"தலையைக் கீழை வைச்சோ பூட்டினனீங்கள்?"

"ஓம்."

"நீங்கள் என்ன படிப்பிக்கிறனீங்கள்?"

"பௌதிகவியல்."

அவர் லேத்தைப் போட்டார்.

இந்தத் தடவை புது ஆணிகளை அரத்தால் தொடவில்லை. புஷ்ஷின் துவாரத்தை அளவாக அவரே கடைந்து தந்தார். ஆணியின் தலை மேலே இருக்கும்படி, ஒரு நீளக் கம்பியை இடையில் கொடுத்து அடித்தேன். இரண்டு நாள் எடுத்தது. உள்ளங்கை பொக்களித்தது. விறாந்தையில் கதிரை போட்டு மாமா இருந்தார். அவர் எழும்பி வந்துவிடாமல் மாமி வாசற்படியில் காவல் இருந்தார். பூட்டி முடித்துக் கதவை ஒரு விரலால் தள்ளினேன். மூடியது. பிறகு, போன தடவை செய்யாத ஒன்றைச் செய்தேன். அதைப் பிடித்துத் தொங்கினேன். அசையவில்லை.

ஆறு வருசமாக அந்தக் கதவு அசையவில்லை. ஆனால் அந்த இரண்டாவது தடவையைப் பற்றி எங்கள் சொந்தத்தில் ஒருவரும் கதைப்பதில்லை. கனடாவில் இருக்கிற சில பேருக்கு என் பெயரே தெரியாது, 'கதவு மருமகள்' என்றால்தான் விளங்கும்.

போன மாதம் சுதனின் தங்கை வல்வெட்டித்துறையில் புதுவீடு குடிபுகுந்தாள். பெரிய தேக்கங்கதவு. அதற்கு முன்னால் நின்று ஐயர் பூசையை முடித்தார். "அண்ணி, நீங்கள் கையை வைச்சுத் திறவுங்கோ" என்று அன்பாகக் கேட்டாள். நான் கையை நீட்டினேன். பின்னால் மாமாவின் குரல் கேட்டது.

"எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. பிள்ளை கதவு திறக்கப் போறா."

ஐயர்தான் முதலில் தள்ளி நின்றார்.