கேட்டில் பரீட்சை வைத்த பண்டிதுலு

திருப்பதியில் ஏழுமலையானே யாரையும் கேள்வி கேட்காமல் உள்ளே விடுகிறார். எங்கள் யூனிவர்சிட்டி மெயின் கேட்டில் அந்தச் சலுகை கிடையாது. அங்கே வாட்ச்மேன் பண்டிதுலு உட்கார்ந்திருந்தார்.

சொந்தப் பெயர் சம்பள ரிஜிஸ்டருக்கு மட்டும்தான் தெரியும். புத்தலப்பட்டுக்காரர். ஒரு நாள் செமினார் ஹால் வாசலில் டியூட்டி. உள்ளே ஒரு பேராசிரியர், அந்தக் காலத்து நாளந்தாவில் வாசல் காத்தவரே பெரிய பண்டிதர், அவர் கேள்விக்குப் பதில் சொன்னவரைத்தான் உள்ளே விடுவார் என்று பேசினார். ஹாலில் இருந்தவர்கள் தூங்கினார்கள். வெளியில் நின்றவர் கேட்டுக்கொண்டார். மறுநாள் காலையிலிருந்து கேட்டில் பரீட்சை. பண்டிதுலு என்ற பெயரும் அன்றைக்கு வந்ததுதான்.

கணக்கு சாரின் ஸ்கூட்டரை மறித்தார். "சைபர் வர்றதுக்கு முன்ன நூத்தியஞ்ச எப்பிடி சார் எழுதினாங்க?"

"நேரமாவுதுய்யா, வுடு."

"நூறுக்குன்னு தனியா ஒரு எழுத்து இருந்துச்சு சார். அத்த போட்டு பக்கத்துல அஞ்சு. இப்போ போங்க."

தெரியாதவர்களுக்கு அவரே பதில் சொல்லி அனுப்பிவிடுவார். அதுதான் பெரிய அவமானம். மறுநாள் அந்தக் கணக்கு சார் கேன்டீன் பின்னால் சுவரேறிக் குதித்ததை, துடைப்பமும் கையுமாக நானே பார்த்தேன்.

இதில் நானும் உடந்தை. செமினார் முடிந்தால், பேச வந்த பெரிய மனிதர்கள் எழுதிக் கொண்டுவந்து கொடுத்த புத்தகங்கள் நாற்காலிக்கடியில் கிடக்கும். கூட்டும்போது பொறுக்கி அவரிடம் கொடுப்பேன். தெலுங்கோ இங்கிலீஷோ, எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவார்.

போன வருஷம், மருத்துவத்தின் வரலாறு பேச ஒரு பெரிய டாக்டர் இரண்டாம் தடவையாக வந்தார். பண்டிதுலு கார் கண்ணாடியைத் தட்டினார்.

"சார், அந்தக் காலத்துல ஆளு மேல கத்தி வெக்கறதுக்கு முன்ன, படிக்கற பசங்க எத்த வெட்டிப் பழகினாங்க?"

கோபத்தில் டாக்டருக்குத் தெலுங்கு வந்துவிட்டது. "நேனெவரோ தெலுசா?" நான் யாரென்று தெரியுமா என்று அதட்டினார்.

"தெலுசு சார். எத்த வெட்டினாங்க?"

டாக்டர் கண்ணாடியை ஏற்றினார். "சுரக்கா சார், பூசணிக்கா சார்" என்று சொல்லி, சலாம் வைத்து கேட்டைத் திறந்தார்.

மறுநாள் பண்டிதுலுவுக்கு விசாரணை. "கேள்விய எவன் குடுத்தான்? சொல்லலன்னா வேலை போயிடும்" என்றார் அதிகாரி. நாள் முழுக்கக் கேட்டில் ஓயாத வாய், என் பெயர் வந்துவிடுமே என்று மூடிக்கொண்டு நின்றது. அதிகாரிகளிடம் நான் அதுவரை நிமிர்ந்து பேசியதில்லை. வெளியே கூட்டிக்கொண்டிருந்தவள், கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"நான்தாங்க பொறுக்கிக் குடுத்தேன். போன தபா வந்தப்ப அந்த டாக்டர் சாரே குடுத்த பொஸ்தகங்க. அவரு எழுதினது. அட்டையில போட்டோகூட கீதுங்க."

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். வேலையை விட்டு அனுப்பி, விஷயம் வெளியே போனால் டாக்டருக்குத்தான் கேவலம். ஆகவே வேலை தப்பியது. ஆளை மட்டும் குப்பை வண்டி போகும் பின்கேட்டுக்கு மாற்றினார்கள்.

"நீ எதுக்குக்கா வாயத் தொறந்த? உன்னியும் அனுப்பியிருந்தா?" என்று அன்றைக்கு என்னைத் திட்டினார்.

எனக்கு மெயின் கேட்தான் கிட்டம். ஆனாலும் சுற்றிக்கொண்டு பின்கேட் வழியாகவே போகிறேன். அவர் கேட்பதில் பாதிக்கு இப்போது எனக்குப் பதில் தெரியும். சொல்வதில்லை. தெரியாதவளுக்கு அவரே நின்று விளக்குவார். சொல்லிவிட்டால் உடனே உள்ளே அனுப்பிவிடுவாரே.