தடையாணை உடும்பு மேயரான கதை

ஒரு காட்டில், அதாவது போன வருஷம்தான் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்ட ஒரு காட்டில், உலகநாதன் என்று ஒரு உடும்பு வக்கீல் தொழில் பார்த்துவந்தார். உடும்பை 'அது' என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் வக்கீலாயிற்றே, மானநஷ்ட வழக்குப் போட்டால் யார் அலைவது? அதனால் 'அவர்' என்றே சொல்லிவைக்கிறேன். கதையில் வருகிற மற்ற மிருகங்களுக்கும் அதே மரியாதை.

தரம் உயர்ந்த காட்டில் எல்லாமே முறைப்படிதான் நடக்கும். சிங்கமே ஆனாலும் குகைக்கு வீட்டுவரி ரசீது வேண்டுமென்றால் டோக்கன் வாங்கிக்கொண்டு மூன்றாம் நம்பர் ஜன்னலில் நிற்க வேண்டும். ஜன்னலுக்குள் இருக்கும் குரங்கு, "சர்வர் டவுன்" என்று சொல்லிவிட்டு வாழைப்பழம் உரிப்பார். சிங்கம் கர்ஜிக்க மாட்டார். கர்ஜித்தால் டோக்கன் ரத்தாகிவிடும்.

முப்பது வருஷத் தொழிலில் உலகநாதன் ஒரு வழக்கில்கூட ஜெயித்ததில்லை. தோற்றதும் இல்லை. வழக்கு முடிந்தால்தானே ஜெயிப்பதும் தோற்பதும்? அவருடைய கைராசி எல்லாம் தடையாணையில் இருந்தது. முதல் நாளே தடையாணை வாங்குவார். அப்புறம் வாய்தாவுக்கு மேல் வாய்தா வாங்குவார். உடும்புப் பிடி என்று ஊரே மெச்சியது.

கோர்ட்டும் அவருக்குத் தோதாக அமைந்திருந்தது. நீதிபதி ஒரு ஆந்தை. கோர்ட் நடப்பதோ பகலில். வக்கீல்கள் பேசப் பேச நீதிபதிக்குக் கண் செருகும், தலை தானாகக் கவிழும். "வாய்தா வேண்டும் கனம் கோர்ட்டார் அவர்களே" என்று உலகநாதன் சொல்வதும் அந்தத் தலை கவிழ்வதும் எப்போதும் ஒரே நொடியில் நடக்கும். அது எப்படி என்று மற்ற வக்கீல்கள் வருஷக்கணக்காகக் கவனித்துப் பார்த்தும் பிடிபடவில்லை.

அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரு கல்யாண மண்டபம். பெரிய ஏரி நிரம்பினால் தண்ணீர் வெளியேற ஒரு வாய்க்கால் இருந்தது. அந்த வாய்க்காலுக்குக் குறுக்கே காட்டுப்பன்றி கோதண்டம், பெரிய கான்ட்ராக்டர், 'ஸ்ரீ வராக மகால்' என்று குளுகுளு வசதியோடு ஒரு மண்டபத்தைக் கட்டிவிட்டார். இடிக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தது. உலகநாதன் ஒரு கட்டுக் கல்யாணப் பத்திரிகைகளை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார்.

"கனம் கோர்ட்டார் அவர்களே, தை வரைக்கும் இருபத்தொரு முகூர்த்தம் புக்காகியிருக்கிறது. பத்திரிகை அடித்தாயிற்று, மேளத்துக்குச் சொல்லியாயிற்று. மண்டபத்தை இடித்தால் இந்த இருபத்தொரு ஜோடியும் எங்கே போய்த் தாலி கட்டும்?"

நீதிபதிக்குக் கல்யாணம் என்றால் மனசு இளகிவிடும். "இப்போதுள்ள நிலையே தொடரட்டும்" என்று உத்தரவு போட்டார். அடுத்த வாய்தாவுக்கு உலகநாதன் புதுப் பத்திரிகைகளோடு வந்தார். காட்டில் கல்யாணம் நின்றால்தானே வழக்கு முடியும்? பதினான்கு வருஷம் ஓடிவிட்டது.

இந்த நேரத்தில்தான் மேயர் தேர்தல் வந்தது. உலகநாதன் நின்றார். காட்டில் பாதிப் பேர் அவரிடம் வழக்குக் கொடுத்திருந்த கட்சிக்காரர்கள். மேயரே நம் வக்கீல் என்றால் எவன் வந்து நம் கட்டடத்தில் கைவைப்பான் என்று அவருக்கு ஓட்டுப் போட்டார்கள். மீதிப் பாதி அவர்களை எதிர்த்து வழக்காடுகிறவர்கள். இவர் மேயராகிவிட்டால் கோர்ட்டுப் பக்கம் வரமாட்டார், நம் வழக்கு நம் காலத்திலேயே முடியும் என்று அவர்களும் அவருக்கே போட்டார்கள். எதிர்த்து நின்ற புலிக்கு டெபாசிட் போனது.

வக்கீல் ஆபீஸை அவர் மனைவி தில்லைநாயகி எடுத்து நடத்தினார். அந்தம்மாவும் வக்கீல்தான். முப்பது வருஷமாக உள்ளறையில் உட்கார்ந்து மனுக்களை எல்லாம் எழுதித் தந்தது யார் என்பது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது.

மேயருக்குச் சிவப்பு அங்கி, கழுத்தில் தடியாகச் சங்கிலி. உலகநாதன் முதல் மாதம் முழுக்க ரிப்பன் வெட்டினார். இரண்டாவது மாதம், ஆடி முடிகிற சமயம், பள்ளத்தெருவில் ஒரு குடிநீர்த் தொட்டி திறப்புக்குப் போனார். அந்த வார்டு கவுன்சிலர் செவந்தியம்மா, ஒரு முயல், அவரைத் தன் வீட்டுக்கு மோர் சாப்பிட அழைத்துப் போனார். சுவரில் அடுக்கடுக்காகக் கறை படிந்த கோடுகள் இருந்தன.

"இதென்னம்மா கோடு?"

"வாய்க்கால்ல போக வழியில்லாத தண்ணி இங்கதாங்க வரும். ஒவ்வொரு ஐப்பசிக்கும் ஒரு கோடு. இந்தா, இது ரொம்ப உசரம் பாருங்க, மூணு வருசத்துக்கு முந்தி வந்தது. மூணு குட்டியத் தூக்கிக்கிட்டு ஸ்கூலு மாடிக்கு ஓடுனேன். நாலாவதத் தூக்க வர்றதுக்குள்ள..."

செவந்தியம்மா டம்ளரில் இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றினார்.

"கேஸு அந்த வருசம் தைக்குப் போயிருந்துச்சுங்க" என்றார்.

குற்றம் சொல்கிற குரலே இல்லை. நேற்று கரண்ட் போயிருந்தது என்பதுபோல் சொன்னார். அந்த வருஷம் வழக்கைத் தைக்குத் தள்ளியது யார் என்று உலகநாதனுக்கு நன்றாகத் தெரியும். 'பாதிப்பை எதிர்த்தரப்பு மிகைப்படுத்துகிறது' என்று மனுவில் எழுதச் சொன்னதும் அவர்தான். டம்ளரைக் கீழே வைத்தார். வெட்கமாக இருந்தது, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வழக்கு முடிய வேண்டும் என்று ஆசையாகவும் இருந்தது.

"இந்த ஐப்பசிக்குள்ள வாய்க்கால்ல தண்ணி போகும்மா. இது என் வாக்கு" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் போய் நின்றார்.

"தில்லை, அந்த மண்டபக் கேஸ விட்டுடேன்."

"நல்லாருக்கே! நீங்க கொண்டாந்த கேஸுங்க அது. நடுவுல கைகழுவிட்டா நாளைக்கு எவன் நம்மள நம்பி வக்காலத்துல கையெழுத்துப் போடுவான்?"

"முயல் குட்டி செத்திருக்கு தில்லை."

தில்லைநாயகி கையிலிருந்த பேனாவை மூடிவைத்தார்.

"பொண்டாட்டியா கேட்டீங்கன்னா எனக்கும் நெஞ்சு பதறுதுங்க. வக்கீலா கேட்டீங்கன்னா வாய்தாதான் கேப்பேன்."

வழக்கு எடுக்கப்பட்டது. மாநகராட்சிக்காக மேயரே ஒரு மணி நேரம் வாதாடினார். சுவரில் இருந்த கோடுகளைச் சொன்னார், குட்டியைச் சொன்னார். கோர்ட்டில் டவாலி கட்டிய கழுதைகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தில்லைநாயகி எழுந்தார்.

"கனம் கோர்ட்டார் அவர்களே, இதே வழக்கில் பதினான்கு வருஷம் எங்கள் கட்சிக்காரருக்கு ஆஜரானவர் இந்த மேயர். எங்கள் ரகசியமெல்லாம் தெரிந்தவர் இப்போது எங்களையே எதிர்த்துப் பேசலாமா? ஆட்சேபணை மனு போட அவகாசம் வேண்டும். கார்த்திகையில் ஒன்பது முகூர்த்தமும் இருக்கிறது, பத்திரிகைகள் இதோ."

ஆந்தையின் தலை அழகாகக் கவிழ்ந்தது. வழக்கு தைக்குப் போனது. உலகநாதனுக்கு ஆத்திரம் வந்தது. ஆனாலும் அந்தத் தலை கவிழ்கிற நொடியைத் தன் மனைவி பிடித்த நேர்த்தியைப் பார்த்துக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்ததை மறைப்பானேன்.

தைக்கு மழை காத்திருக்குமா? ஐப்பசி இரண்டாம் வாரம் பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு ஏரி தளும்பி, பள்ளத்தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. ஸ்கூல் மாடிக்குப் போகிற பாதையும் முங்கிப்போனது. வாய்க்காலை மறித்து நின்ற மண்டபத்தின் பின்சுவருக்கு எதிரே மேயர் குடையோடு நின்றார். பக்கத்தில் கமிஷனர் முள்ளம்பன்றி ஃபைலைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக்கொண்டு நின்றார்.

"உடைங்கய்யா அந்தச் சுவர!" என்றார் மேயர்.

"ஸ்டே இருக்குதுங்களே" என்றார் கமிஷனர்.

உலகநாதன் ஃபைலை வாங்கிப் படித்தார். ஏதாவது ஒரு ஓட்டை கிடைக்காதா என்று பார்த்தார். 'மேற்படி கட்டடத்தின் ஒரு செங்கல்லைக்கூட எதிர்மனுதாரரோ அவருடைய ஊழியரோ, ஏவலாளோ, எந்தக் காரணம் கொண்டும் அசைக்கக் கூடாது.' அவர் வாங்கியதிலேயே நல்ல தடையாணை அது. ஊசி நுழைய இடமில்லை.

பள்ளத்தெருப் பக்கமிருந்து குட்டிகள் கத்துகிற சத்தம் வந்தது.

உலகநாதன் குடையை மடக்கினார். அங்கியைக் கழற்றினார், சங்கிலியைக் கழற்றினார், இரண்டையும் கமிஷனர் கையில் கொடுத்தார். கமிஷனர் பதறிப்போய், "ஐயா, இதுக்கு ஒரு அக்னாலெட்ஜ்மெண்ட்..." என்று ஆரம்பிப்பதற்குள் தண்ணீரில் குதித்துவிட்டார். வக்கீலானாலும் மேயரானாலும் உடும்பு உடும்புதானே. சுவரைக் கவ்விப் பிடித்து அடியில் நகத்தால் தோண்டினார். ஒரு செங்கல் வந்தது. நாலு செங்கல் வந்தது. மிச்சத்தைத் தண்ணீர் பார்த்துக்கொண்டது.

உள்ளே ஒரு கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. நல்லவேளை, தாலி கட்டி முடித்து முதல் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு ஹாலின் பின்பாதி சரிவதற்குள் எல்லோரும் மேடைக்கு ஏறிவிட்டார்கள். இலைகள் மட்டும் சாம்பார் சாதத்தோடு வாய்க்காலில் வரிசையாகப் போயின. ஒரு மணி நேரத்தில் பள்ளத்தெரு வடிந்தது. அந்த வருஷம் எந்த வீட்டிலும் ஒரு குட்டிகூடக் குறையவில்லை.

மறுநாள் மேயருக்கு மாலையாக விழுந்தது. இரண்டாம் நாள் பேனர் வைத்தார்கள். மூன்றாம் நாள் ஊர் யோசிக்க ஆரம்பித்தது.

முதலில் யோசித்தது நடைபாதையில் தேன் கடை போட்டிருந்த கரடி. "கோர்ட்டு ஸ்டேயவே ஒரு மேயரு பிச்சு எறியலாம்னா, நாளைக்கு என் கடை என்ன கதி?" அடுத்து குளத்துக்கரையில் மாடி கட்டியிருந்த நாரை. அப்புறம் பஸ் ஸ்டாண்டுக்குள் லாட்ஜ் நடத்திய ஓநாய். தெருவுக்குத் தெரு, வீட்டுக்கு வீடு எண்ணிப் பார்த்தால், அந்த மாநகராட்சி முழுக்கத் தடையாணை மேல்தான் நின்றுகொண்டிருந்தது. எல்லாம் உலகநாதன் வாங்கித் தந்தவை. ஊரே கதிகலங்கிப்போய் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தது.

மாமன்றத்தில் ஐம்பது கவுன்சிலர்களும் இருந்தார்கள். மேயர் மற்ற யாரையும் பார்க்கவில்லை. செவந்தியம்மாவை மட்டும் பார்த்தார். ஊர் முழுக்கக் கைதூக்கினாலும் அந்த ஒரு கை தூக்காது என்று நம்பிக்கொண்டிருந்தார்.

"தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் கைதூக்கலாம்."

முதலில் எழுந்தது செவந்தியம்மாவின் கைதான். உலகநாதனுக்கு நாற்காலியோடு கீழே போவதுபோல் இருந்தது. கூட்டம் முடிந்து வெளியே வரும்போது செவந்தியம்மா ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அழுதுகொண்டிருந்தார்.

"எம்புள்ளைங்க உசுரோட இருக்கறது உங்களாலதாங்கய்யா. ஏழு சென்மத்துக்கும் மறக்க மாட்டேன்."

"அப்புறம் ஏம்மா?"

"எங்க தெரு மொத்தமும் ஏரிப் பொறம்போக்குங்களே. எட்டு வருசத்துக்கு முந்தி காலி பண்ணச் சொல்லி வந்தப்ப நீங்கதான ஃபீஸுகூட வாங்காம ஸ்டே வாங்கிக் குடுத்தீங்க? ஸ்டேய ஒடைக்கலாம்னு ஆயிட்டா எங்க வீடு நிக்குமாய்யா? பொழைச்ச புள்ளைங்க எங்கய்யா போய்ப் படுக்கும்?"

தீர்மானத்துக்கு விழுந்த ஓட்டு ஐம்பதுக்கு ஐம்பது. உலகநாதன் வீட்டுக்கு நடந்தே போனார்.

தில்லைநாயகி காபியைக் கொடுத்தார். கூடவே ஒரு தாளையும் நீட்டினார்.

"குட்டிங்களக் காப்பாத்துனது தப்பா தில்லை?"

"அதுல என்னங்க தப்பு? ஸ்டேய மீறினதுதான் தப்பு. ரெண்டும் வேற வேற செக்‌ஷன். இந்தாங்க, வக்காலத்துல ஒரு கையெழுத்துப் போடுங்க."

மறுநாள் தில்லைநாயகி கோர்ட்டில் எழுந்து, தீர்மானத்துக்கு இடைக்காலத் தடை கேட்டார். தலை கவிழ்ந்தது. 'இப்போதுள்ள நிலையே தொடரட்டும்.' இப்போதைக்கு மேயர் யார்? உலகநாதன். அவர் அங்கியை மாட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போனார். மேயருக்கே தடையாணையில்தான் பதவி ஓடுகிறது என்றதும் ஊருக்கு உயிர் திரும்பி வந்தது. இனி இவர் யாருடைய தடையாணையிலும் கைவைக்க மாட்டார் என்று கரடி தேன் கடையைக் கொஞ்சம் அகலப்படுத்திக்கொண்டார்.

கோதண்டம் சும்மா இருப்பாரா? உறுமிக்கொண்டு வந்தார். "வக்கீலம்மா, செவத்தத் திரும்பக் கட்டணும். இன்னைக்கே மனு போடுங்க."

"தாராளமா" என்றார் தில்லைநாயகி. அன்றைக்கே மனு போட்டார். அவர் கட்சிக்காரரை விட்டுக்கொடுக்கிற ரகமில்லை. மனு விசாரணைக்கு வந்தபோது மெல்ல எழுந்து, ஆவணங்கள் சேர்க்க வேண்டியிருப்பதால் வாய்தா வேண்டும் என்றார். அதுவரைக்கும் அங்கே யாரும் எதையும் செய்யாமல் இருப்பது நல்லது என்றும் பணிவோடு சொன்னார். 'இப்போதுள்ள நிலையே தொடரட்டும்' என்று நீதிபதி சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். இப்போதுள்ள நிலையில் அங்கே சுவர் இல்லை. வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னம்மா இப்படி ஆயிப்போச்சு?" என்று கோதண்டம் தலையில் கைவைத்தார்.

"கவலைப்படாதீங்க, தைக்கு வாய்தா வாங்கியிருக்கேன்."

அன்று சாயந்திரம் உலகநாதன் மனைவி எதிரே வந்து உட்கார்ந்தார்.

"தில்லை, வேணும்னுதான செஞ்ச?"

"கேஸு நடந்துக்கிட்டிருக்கு. அதப் பத்தி எதிர்த்தரப்புக்கிட்ட நான் பேசக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் தில்லைநாயகி அடுத்த கேஸ் கட்டைப் பிரித்தார்.

இதெல்லாம் நடந்து பதினோரு தை வந்துபோய்விட்டது. உலகநாதன் இன்னும் மேயர். சுவர் இன்னும் எழும்பவில்லை. செவந்தியம்மாவின் பேரக்குட்டிகள் வாய்க்காலில் காகிதக் கப்பல் விடுகின்றன. மண்டபம், தீர்மானம், சுவர் என்று மூன்று வழக்குகளும் நல்லபடியாக நிலுவையில் இருக்கின்றன.

நீதி: ஊருக்கு நல்லது செய்ய நினைப்பவர், முதலில் தன்னைவிடக் கெட்டிக்கார வக்கீல் ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும்.