கதவு அண்ணாச்சி கடலுக்குப் போன கதை

சிவகாசித் திருடர்கள் கோயில் கட்டிக் கும்பிட வேண்டிய ஒரே ஆள் எங்கள் தெரு கதவு அண்ணாச்சிதான். வாழ்நாளில் எந்தக் கதவையும் சாத்தாதவர்; பிறரைச் சாத்த விடாதவர். ஆனாலும் அவர் வீட்டில் திருட்டுப் போனதில்லை. வாசலில் எப்போதும் அவரே நின்றால் திருடன் எங்கே நுழைவான்?

கல்யாண மண்டபமோ, பல் டாக்டர் அறையோ, கதவிடுக்கில் ஒரு காலை நீட்டியபடி நிற்பார். சொந்த மகளுக்கு நிச்சயதார்த்தத் தட்டு மாற்றியதும் நிலைப்படியில் நின்றுதான். சாப்பாடும் அங்கேயே, தட்டைக் கையில் ஏந்தி.

காரணம் ஊருக்கே தெரியும். விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில், ரூமுக்கு நாலு பேர் என்ற கணக்கில் வேலை பார்த்தவர். ஒருநாள் தண்ணீர் குடிக்க வெளியே வந்திருக்கிறார். திறந்தே கிடக்க வேண்டிய கதவு காற்றில் சாத்திக்கொண்டது. அடுத்த நிமிடம் வெடித்தது. உள்ளே இருந்த மூன்று பேரும் வரவில்லை.

தீபாவளி முடிந்து கம்பெனிகளுக்கு லீவு விட்ட வாரம், எங்கள் இரண்டு குடும்பமும் ஒரே வேனில் கடற்கரைக்குப் போனோம். விளையாட்டு, பேய் வீடு, கண்ணாடி ஓட்டல் எல்லாம் அங்கே ஒரே வளாகத்தில். வேனிலேயே அண்ணாச்சியின் மனைவி மாரியம்மா மதினி சொல்லிவிட்டார்.

"முப்பது வருசமா இவுக எனக்கு எதிர்த்தாப்ல உக்காந்து ஒரு வாய் சாப்பிட்டதில்ல. அங்கனயாவது உக்கார வச்சிருங்க தம்பி. வேற ஒண்ணும் வேணாம்."

முதலில் பேய் வீடு. அண்ணாச்சி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதில் உள்ளே பகல் வெளிச்சம் கொட்டியது. எலும்புக்கூடு உடுப்புப் போட்டவர் ஓடி வந்தார்.

"சார், கதவ விடுங்க. யாரும் பயப்பட மாட்டேங்காக."

"நீங்க எம்புட்டு நேரமா உள்ளயே கெடக்கீக? வெளிய வந்து காத்து வாங்குங்க."

பேய் வெளியே வந்து, அண்ணாச்சி வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தது.

ஓட்டலில்தான் சிக்கல். ஆள் வந்தால் தானே திறந்து தானே சாத்திக்கொள்ளும் கண்ணாடிக் கதவு. மதினி உள்ளே எதிர் நாற்காலியைக் காலியாக வைத்துக்கொண்டு காத்திருந்தார். அண்ணாச்சி உள்ளே வந்தும் உட்காராமல், கதவைப் பார்த்தபடி சற்றுத் தள்ளி நின்றார். துணைக்கு நான்.

கதவு திறந்தது. யாரும் வரவில்லை. வெளியே வெயிலும் மணலும்தான். அண்ணாச்சி கைகூப்பினார்.

"வாங்க, சங்கரபாண்டி அண்ணே."

சாத்தியது. மறுபடி திறந்தது.

"வாங்க, மூக்கையாண்ணே."

இரண்டும் அன்றைக்கு அந்த ரூமுக்குள் இருந்தவர்களின் பெயர்கள். சூப்பர்வைசர் வந்து, "கடல் காத்துல சென்சார் கெட்டுப்போச்சு சார்" என்று சொல்லி முடிப்பதற்குள் கதவு மூன்றாவது முறையாகத் திறந்தது. இம்முறை வெகுநேரம் அப்படியே நின்றது. வெடிமருந்து வாடை அடித்தது என்று நான் சத்தியம் செய்வேன். மீன் வறுவல் என்கிறாள் என் மனைவி.

"வாலே ராசு. நீதான் எப்பவும் கடைசி."

"எல்லாரும் வந்துட்டாகளா அண்ணாச்சி?" நான்தான் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

"வந்துட்டாக."

கதவு சாத்திக்கொண்டது. அவர் தடுக்கவில்லை. நேராக நடந்துபோய் மதினிக்கு எதிரே உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

மதினி தன் தோசையைப் பாதியாகப் பிய்த்து அவர் தட்டில் வைத்தார்.

"சாப்பிடுங்க. ஆறிரும்."

ஊரோடு சேர்ந்து நானும் அவரை எவ்வளவோ கேலி செய்திருக்கிறேன். அந்தப் பாதித் தோசையை அவர் தின்று முடிக்கும்வரை நான் என் தட்டைத் தொடவில்லை. அவர்மேல் எனக்கு அவ்வளவு பிரியம் இருந்தது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.