பன்னிரண்டாவது வெள்ளைக் கோட்டு

“பதினொண்ணுதான்.”

சேஷன் மூன்றாவது தடவையாக எண்ணி முடித்தான். எப்படி எண்ணினாலும், தன்னையே இரண்டு தடவை சேர்த்துக்கொண்டால் ஒழியப் பன்னிரண்டு வருவதாக இல்லை.

மேஜைமேல் கிடந்த கடிதத்தை மறுபடியும் எடுத்துப் படித்தான். மதராஸிலிருந்து ஔஷத சாஸ்திர சங்கத்தின் செக்ரட்டரி எழுதியது. திருவனந்தபுரத்துக் கம்பவுண்டர் வகுப்பு மாணவர்கள் தாராளமாகச் சங்கத்தின் கிளை ஒன்றைத் தொடங்கலாம். ஆனால் ஆரம்பக் கூட்டத்தில் வெள்ளைக் கோட்டோடு பன்னிரண்டு பேரைச் செக்ரட்டரி தம் கண்ணால் பார்த்தாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் கிளை கிடையாது. கூட்டம் இன்று மூன்று மணிக்கு.

வகுப்பில் இருந்ததே மொத்தம் பன்னிரண்டு பேர்.

மற்றவர்களுக்கு இது ஒரு கூட்டம். சேஷனுக்கு வாழ்வா சாவா என்கிற விஷயம். கிளை இருந்தால்தான் சங்கத்துப் பரீட்சை எழுதலாம். பரீட்சை தேறினால் ‘பார்மஸிஸ்ட்’ என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். அவன் அப்பா அனந்தபத்மநாபனோ சர்க்காரின் ஹஜூர் கச்சேரியில் அவனுக்கு ஒரு குமாஸ்தா உத்தியோகம் பார்த்து வைத்துவிட்டார். “உன் சங்கம் வந்தா படி. வரலேன்னா திங்கட்கிழமை கச்சேரிக்குக் கெளம்பு. ஆயுசு பூரா இன்னொருத்தன் வயித்துக்குத் தண்ணி கலந்துண்டு இருக்கறது ஒரு பொழப்பா?” என்று தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது.

“ராமசுப்ரமணியன் எங்கேடா?” என்று கேட்டான் சேஷன்.

“அவனுக்குப் பொன்னுக்கு வீங்கியில்லா?” என்றான் தங்கப்பன். ஆரியசாலைக்காரன், சேஷனுக்கு வலது கை. “மொகம் பூசணிக்கா கணக்கா இருக்கு. ரெண்டு நாளாச்சு.”

“நடக்கறானோ?”

“நடப்பான். ஆனா...”

“நடந்தா போறும்.”

சேஷன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கரமனைக்குப் பறந்தான். ராமசுப்ரமணியனின் அம்மா லலிதாம்பாள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

“கொழந்தைக்கு ஒடம்பு சரியில்லை. வீக்கம் வடியணும்னு கழுத்துல இப்பத்தான் பொன் சங்கிலி போட்டிருக்கேன்.”

“சங்கிலியோடயே வரட்டும் மாமி. ஒரு மணி நேரம் ஒக்காந்தா போறும். சாரமில்லை, ஒண்ணும் ஆயிடாது. வீக்கம் எங்கேயும் ஓடிப் போயிடாது.”

அப்படியாக, இரட்டை வடச் சங்கிலியும் வீங்கிய கன்னமுமாக ராமசுப்ரமணியன் சைக்கிளில் வந்து இறங்கினான். சேஷன் வெற்றிக் களிப்புடன் அவனை வகுப்புக்குள் கூட்டிக்கொண்டு போனான்.

“பன்னெண்டு!”

சொல்லி வாயை மூடவில்லை. எட்டு மாதமாக வியாதிகளைப் பற்றிப் படித்த மாணவமணிகளில் மூன்று பேர் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடிவிட்டார்கள். நாளைக்கு இதே கன்னம் தங்களுக்கும் வரும் என்று அவர்களுக்குப் பாடம் நன்றாகத் தெரிந்திருந்தது. இப்போது மிச்சம் ஒன்பது.

“தங்கப்பா, நீ ஓடிப்போய் அவாளைப் பிடிச்சுண்டு வா!”

“அப்பம் ஸ்டேஷனுக்கு யாரு போவா? ரெண்டு மணி வண்டியில செக்ரட்டரி வாறாரே. மாலை எங்கையிலதானே இருக்கு.”

சேஷன் சுற்றுமுற்றும் பார்த்தான். வராந்தாவில் தாசையன் சீசா கழுவிக்கொண்டிருந்தான். வகுப்பு நடக்கும் இந்த வைத்தியசாலையில் இருபது வருஷமாகச் சீசா கழுவுகிறவன். இவனைவிட நம்பகமான மனிதன் யார்? மாலை தாசையன் கைக்கு மாறியது.

“ஆளெ எங்ஙனே அறியும் சாறே?”

“நானும் பார்த்ததில்லை. பெரிய மனுஷனா இருப்பார். கோட்டு, தலைப்பா, கையில வெள்ளிப் பூண் போட்ட தடி. பார்த்ததும் யோசிக்காதே, மாலையைப் போட்டுடு.”

இரண்டரை மணிக்குத் தங்கப்பன் மூன்று பேரையும் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். ஆனால் அவர்கள் வாசற்படியில் நின்றுகொண்டு நிபந்தனை போட்டார்கள். “அவன் உள்ளே இருந்தா நாங்க வெளியே.”

சேஷன் கணக்குப் போட்டான். ஒன்று போய் மூன்று வந்தால் லாபந்தான். ராமசுப்ரமணியன் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, “இதுக்கா என்னை சைக்கிள்ல குலுக்கிண்டு வந்தே?” என்று தாடை அசையாமல் திட்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்தான்.

மறுபடியும் பதினொன்று. இவ்வளவு பாடும் பட்டது, ஆரம்பித்த இடத்திலேயே வந்து நிற்பதற்குத்தான்!

வேறு யாராக இருந்தாலும் கையை விரித்திருப்பார்கள். சேஷன் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவுக்கு வந்தான். மருந்து வாங்கும் ஜன்னலருகே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். குள்ளமான ஒல்லி உடம்பு, கக்கத்தில் குடை, முப்பது வயதிருக்கலாம். ஒரு கையால் வயிற்றை அமுக்கிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

“வயித்து வலியா சார்?”

“ஆமாம். வழியில ஒரு வடை தின்னேன். அது இருக்கட்டும், நான் வந்தது...”

“நீங்க வந்ததே பெரிய உபகாரம்!” சேஷன் உள்ளே ஓடி ஒரு அவுன்ஸ் மருந்தை அளந்துகொண்டு வந்து அவர் வாயில் ஊற்றாத குறையாகக் குடிக்க வைத்தான். நோயாளியின் பெயரைக் கேட்காமல் அவன் மருந்து கொடுத்தது அதுதான் முதல் தடவை. அடுத்த நிமிஷம் ராமசுப்ரமணியனின் கோட்டு அவர்மேல் ஏறியது. முழங்காலைத் தாண்டித் தொங்கியது.

“என்ன இது?”

“அரை மணி நேரம் கடைசி பெஞ்சில ஒக்காருங்கோ. வாயைத் தொறக்கப்படாது. மதராஸ்லேர்ந்து செக்ரட்டரி வரார். பன்னெண்டு பேர் இல்லேன்னா என் தலையில கல்லு. தயவு பண்ணணும்.”

அந்த மனிதர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, பாவம், போய் உட்கார்ந்துகொண்டார்.

மூன்று மணிக்கு ஜட்கா வண்டி வந்து நின்றது. தாசையன் முன்னால் குதிக்க, பின்னால் கோட்டும் தலைப்பாவும் வெள்ளிப் பூண் தடியும் கழுத்து நிறைய மாலையுமாக ஒரு மலை இறங்கியது. சேஷனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மனிதர் நாற்காலி நிறைய உட்கார்ந்தார். இளநீர் இரண்டு குடித்தார். எழுந்து பேசச் சொன்னதும் கூச்சப்படாமல் பேசினார்.

“புள்ளைங்களா, நம்ம தொழில்ல மூணு காரியம். சரக்குல ஈரம் படப்பிடாது. கலப்படம் செய்யப்பிடாது. தராசு முள்ளு நேரா நிக்கணும். பின்னே, அளவு முக்கியம் கேட்டியளா? ஒரு பொடி கூடிப்போச்சுன்னா வயிறு எரியும்!”

பாட புத்தகத்தில் நூறு பக்கத்துக்கு வளர்த்ததை மனிதர் நாலு வரியில் சொல்லிவிட்டாரே என்று சேஷன் உருகிப் போனான். நோட்டில் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டான். கடைசி பெஞ்சில் வயிற்று வலிக்காரர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். சேஷன் அவரைப் பார்த்து முறைத்தான்.

“பன்னெண்டு பேர் இருக்கோம் சார். எண்ணிப் பாருங்கோ.”

“எண்ணியாச்சு. ஒரு டஜன். கொள்ளாம், நல்லா இருக்கு!”

பதிவுப் புஸ்தகத்தில் பெரிதாக ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் வாங்கிக்கொண்டு அவர் வண்டி ஏறினார். அத்தனை பேரும் கை தட்டினார்கள். சேஷன் புஸ்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திறந்து பார்த்தான்.

‘தாணுமாலயன், மிளகாய் மொத்த வியாபாரம், ஆரியசாலை.’

“தங்கப்பா! யாருடா இது?”

“எங்க மாமன் கடைக்கு அடுத்த கடை. தென்காசியில சரக்கு எடுத்துட்டு வந்திருப்பாரு. நீ என்னமோ தலைமை தாங்கக் கூப்பிட்டிருக்கேன்னுல்லா நான் நெனச்சேன்!”

“சாறு பறஞ்ச கோட்டு, தலைப்பா, தடி எல்லாம் சரியாயிட்டு இருந்நு,” என்றான் தாசையன். “மாலையெ இட்டதும் அவரு ஒண்ணும் கேக்காம வண்டியிலெ கேறிட்டாரு.”

நிஜச் செக்ரட்டரி வரவே இல்லை, அல்லது வந்து யாருமில்லை என்று திரும்பியிருப்பார். திங்கட்கிழமை கச்சேரி, அப்புறம் பென்ஷன் வரைக்கும் கச்சேரிதான். பையன்கள் ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள்.

“தம்பி,” என்று ஒரு குரல் கேட்டது. வயிற்று வலிக்காரர் கோட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “மருந்துக்கு நன்னாக் கேட்டுது. ராத்திரி வண்டிக்கு இன்னும் ரெண்டு வேளைக்குக் கெடைக்குமா?”

நாளை மறுநாள் குமாஸ்தா ஆகப்போகிறவன், ‘நாளைக்கு வாங்கோ’ என்று சொல்லியிருக்கலாம். சேஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். அளவுக் கண்ணாடியைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துச் சொட்டுச் சுத்தமாக அளந்தான். சீசாவின் வெளிப்புறத்தைத் துடைத்தான். வேளை அளவு காட்டும் காகிதத்தை வெட்டி ஒட்டினான். பிறகு லேபிளை எடுத்து வைத்துக்கொண்டு பேனாவை மையில் தோய்த்தான்.

“அப்போ அவசரத்துல கேக்காம விட்டுட்டேன், தப்பு. பேர் எழுதாத சீசா இங்கேருந்து வெளியே போகப்படாது. உங்க பேரைச் சொல்லுங்கோ.”

“வெங்கடகிருஷ்ணன், செக்ரட்டரி, ஔஷத சாஸ்திர சங்கம், மதராஸ்னு எழுதுங்கோ. பதினோரு பேரைக் கண்ணால பாத்தாச்சு, பன்னெண்டாவது ஆளையும் பாத்தாகணும். இங்கே முகம் பாக்கற கண்ணாடி ஒண்ணு இருக்குமா?”