அம்புறோஸ் நாலு தரம் சுற்றிய கம்பி

2013 ஓகஸ்ட் 5, திங்கட்கிழமை, தலைமன்னார். கோயிலின் நாற்பது வருடப் பழைய ஒலிபெருக்கிப் பெட்டிகள் இரண்டும் அம்புறோஸின் வேலைத்தலத்துக்கு வந்து சேர்ந்தன.

மேளம் அதிர்ந்தது, கைத்தாளம் வரவில்லை என்று பாடகர் குழுப் பொடியள் சொன்னார்கள். கூரிய ஓசைகளைத் தரும் சின்ன ஸ்பீக்கர்களான டுவீற்றர்கள் எரிந்திருந்தன. தொட்டுச் சோதித்த மீற்றரின் முள் அசையவில்லை. கொழும்பில் புதுப்பெட்டி எடுக்கப்போவதாகச் சொன்னவர்களை அம்புறோஸ் மறித்தார்.

"சனிக்கிழமைத் திருவிழாவுக்கு இது பாடும். பாடாட்டி என்ர பலகையைக் கழட்டி அடுப்பில வைக்கிறன்."

'அம்புறோஸ் றேடியோ வேலைத்தலம்' என்ற அந்தப் பலகை, போரில் இடம்பெயர்ந்த காலத்தில் மடுக் கோயில் வரைக்கும் அவர் தோளில் போய்த் திரும்பியது.

கருகிய சுருளை உரித்துவிட்டு, தலைமயிரிலும் மெல்லிய செப்புக்கம்பியைச் சுற்றுச் சுற்றாக ஏற்றிப் பசை வைத்தார். மீற்றர் முள் எழும்பிச் சரியான இடத்தில் நின்றது. தன் வேலைக்குத் தானே தீர்ப்புச் சொல்வது அழகல்ல என்று மச்சான் சந்தியோகுவையும் அப்துல் றசாக்கையும் கூப்பிட்டார். மூவரும் இருபது வருடம் ஒரே வள்ளத்தில் சங்குக்குச் சுழியோடியவர்கள். கடலடியில் இருந்தபடியே, மேலே போகும் எஞ்சின் ஆருடையது என்று சொல்லிவிடுவார்கள்.

பாட்டு ஓடியது.

"மேளம் நெஞ்சில இடிக்குது மச்சான். தாளத்தைத்தான் காணேல்ல," என்றார் சந்தியோகு.

றசாக்கும் உதட்டைப் பிதுக்கினார். அம்புறோசுக்கும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை எல்லாவற்றையும் அவிழ்த்துத் திரும்பச் சுற்றினார். தீர்ப்பு மாறவில்லை. மீற்றரில் சந்தேகப்பட்டு இன்னொன்றை இரவல் வாங்கினார். அதுவும் சரியென்றே காட்டியது. இரண்டும் சேர்ந்து பொய் சொல்வதாக அவர் முடிவு கட்டினார்.

புதன்கிழமை மூன்றாம் முறை சுற்றினார். வியாழக்கிழமை, தனியார் பஸ் ஒன்றின் பெரிய அம்பிளிபயரைக் கொண்டுவந்து முழுச் சத்தத்தில் வைத்தார். தட்டுமுட்டுகள் நடுங்கின. வேலியோரம் தூங்கிய கழுதைகள் நாலும் காதை மடக்கிக்கொண்டு ஸ்ரேசன் பக்கம் ஓடின.

"வெயில் தாங்கேலாமல் ஓடுதுகள்," என்றார் றசாக்.

அடுத்த நிமிடம் இரண்டு டுவீற்றர்களிலும் புகை வந்தது.

வெள்ளி மத்தியானம், மிச்சமிருந்த கம்பி முழுவதையும் போட்டு நாலாம் முறை சுற்றினார். மூவரும் பெட்டியோடு காதை ஒட்டிக் கேட்டார்கள். மேளம் மட்டுந்தான். அம்புறோஸ் கதிரையில் ஏறிப் பலகையின் திருகாணியைக் கழற்றத் தொடங்கினார்.

அவர் மனைவி மார்த்தா தேத்தண்ணியோடு வந்தாள். இரு காதிலும் பஞ்சு.

"பலகைக்கு என்ன நடந்தது?"

"நாலு தரம் சுத்தியும் தாளம் வரேல்ல."

மார்த்தா பஞ்சைப் பிடுங்கினாள். மூன்று பேரையும் ஒருமுறை பார்த்தாள்.

"சுழியோடிச் சுழியோடிக் கடலுக்குக் காதைக் குடுத்த மூண்டு பேரையோ தீர்ப்புக்கு வைச்சனீங்கள்? திங்கட்கிழமையில இருந்து தாளம் காதைக் கிழிக்குது. அதைக் குறைக்கத்தான் பாடுபடுறியள் எண்டெல்லோ நினைச்சனான்."

அம்புறோஸ் கதிரையிலிருந்து இறங்கவில்லை.

"நாலு தரமும் பாடினதோ?"

"ஓம், நாலு தரமும்."

அவர் நெஞ்சை நிமிர்த்தித் திருகாணியைத் திரும்ப முறுக்கினார். சனிக்கிழமை பெட்டிகள் கோயிலில் பாடின.