இசொகாய் தோற்க வேண்டிய ஆட்டம்

"ஒரு வீரனை மட்டும் நகத்திட்டு ஏம்ப்பா முறையை முடிக்கிறீங்க? மிச்சம் அஞ்சு பேரு சும்மா நிக்கிறாங்க பாருங்க."

"எல்லாரும் ஒரே நேரத்துல எழுந்து போனா நல்லாவா இருக்கும்?" என்றார் இசொகாய்.

ஜப்பானில் யாவோ நகரத்து டூத் பிரஷ் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷமாக வேலை பார்ப்பவர். மேலதிகாரி எழுந்து போகும் முன் ஒருநாளும் வீட்டுக்குக் கிளம்பியது கிடையாது. அவரிடம் போய்ப் போர் செய்யச் சொன்னால் என்ன ஆகும்?

மகள் மினோரி போனை வாங்கி ஆட்டத்தின் விதிகளை மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். "நம்ம முறையில ஒவ்வொருத்தரும் ஒரு தடவை நகரலாம். அப்புறம் 'முடிந்தது'ன்னு அழுத்தணும். அதுக்கப்புறம் எதிராளி முறை. ஈட்டிக்காரன் குதிரைக்காரனை ஜெயிப்பான், குதிரைக்காரன் வில்லாளியை, வில்லாளி ஈட்டிக்காரனை. எதிரி கோட்டைக்குள்ள யாரு முதல்ல கால் வைக்கிறாங்களோ அவங்க பக்கம் ஜெயிச்சது."

"இந்தத் தளபதிக்கு வயசாயிடுச்சு போல. பின்னாடி உக்காரச் சொல்லு."

"அவர்தாம்ப்பா இருக்கிறதிலேயே பலசாலி."

"எங்க ஆபீஸ்ல அப்படி இல்ல."

இந்த வயதில் அவருக்கு ஏன் இந்த வேலை என்றால், இளவயதுப் புது இயக்குநர் குசுமோதோதான் காரணம். திங்கட்கிழமை லிஃப்டில் அவர் இசொகாயைப் பார்த்து, "போன்ல ஒரு கோட்டை ஆட்டம் இருக்காமே, ஆடுவீங்களா?" என்று கேட்டார். மேலதிகாரி கேட்டதற்கு இல்லை என்று சொல்ல இசொகாய்க்கு வாய் வராது. "ஏதோ கொஞ்சம், சார்" என்றுவிட்டார். "அப்ப வெள்ளிக்கிழமை மதியம் நாம ரெண்டு பேரும் ஆடுவோம்" என்றார் இயக்குநர்.

விஷயத்தைக் கேட்டதும் பக்கத்து மேசை உராபே நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தான்.

"யோவ், ஜெயிச்சுகிச்சு வெச்சுடாதே. பழைய கிளையில அவரை கோங்கிற காய் ஆட்டத்துல ஜெயிச்சவன் இப்ப வக்கனாய்ல இருக்கான். ஏப்ரல் மாற்றல் பட்டியல் இன்னும் வரலைங்கிறதை ஞாபகம் வெச்சுக்க."

வக்கனாய் நாட்டின் வடகோடி. அதைத் தாண்டினால் கடல்தான். மனைவி நொபுயோவுக்கு இங்கே மழலையர் பள்ளியில் வேலை. மகளுக்கும் இங்கேதான் வேலை. போனால் தனியாகத்தான் போக வேண்டும். முட்டை வேகவைக்கக்கூடத் தெரியாத மனிதர், பனிக்குள் ஒரு சின்ன அறையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதை நினைத்துப் பார்த்தார். வீட்டில் மூச்சு விடவில்லை.

மகளிடம் இவ்வளவுதான் சொன்னார்: "நான் தோக்கணும். ஆனா வேணும்னே தோத்த மாதிரி தெரியக்கூடாது. அது மேலதிகாரியை மூஞ்சிக்கு நேரா அவமானப்படுத்துற மாதிரி."

மினோரி ஒரு மாதிரி இருமிக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். "சரி, அப்ப ஒழுங்கா ஆடக் கத்துக்கங்க. நல்லா ஆடத் தெரிஞ்சாதான் நல்லா தோக்க முடியும்."

பாடத்துக்கு நடுவே அவள் போன் அடிக்கடி அடித்தது. பால்கனிக்குப் போய்ப் பேசிவிட்டு வருவாள்.

"யாரு?"

"இன்னொரு மாணவர். உங்களைவிட மோசம். முக்கியமான பாடம் ஒண்ணு, கேட்டுக்கங்க. காலியா தெரியிற இடத்துக்குப் போகவே போகாதீங்க. அங்கதான் ஒளிஞ்சிருப்பாங்க."

இசொகாய் அதைச் சின்ன நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் கூட்ட அறையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஆட்டம் தொடங்கியது. மேலதிகாரியை நாம் முந்திக்கொண்டு அடிப்பதா என்று இசொகாய் ஒருவரையும் நகர்த்தாமல் 'முடிந்தது' அழுத்தினார். இயக்குநரும் ஒருவரையும் நகர்த்தாமல் அழுத்தினார்.

"நீங்க போங்க, இசொகாய்."

"சேச்சே, நீங்க முதல்ல, சார்."

இப்படியே ஒன்பது முறை போயிற்று. இரண்டு படைகளும் வெயிலில் நின்றதுதான் மிச்சம்.

இது சரிப்படாது என்று இசொகாய் தன் குதிரைக்காரனை எடுத்து இயக்குநரின் ஈட்டிகளுக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தினார். ஒரே குத்தில் போய்விடுவான். இயக்குநர் முகத்தைச் சுளித்து யோசித்துவிட்டு, ஈட்டிக்காரர்களை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டார்.

சரி, கதவைத் திறந்தே விடுவோம். தன் கோட்டைக் காவலர்கள் அத்தனை பேரையும் காட்டுக்குள் அனுப்பினார் இசொகாய். குழந்தைகூட நடந்து உள்ளே போகலாம்.

"அங்க ஏதோ பொறி வெச்சிருக்கீங்க. நான் வரமாட்டேன்" என்றார் இயக்குநர். சொல்லிவிட்டுத் தன் கோட்டைக் காவலையும் எடுத்து மலைமேல் ஏற்றிவிட்டார்.

அடப்பாவி, எவ்வளவு தந்திரம் என்று இசொகாய்க்கு வேர்த்தது. இனி ஒரே வழிதான். தளபதியைப் பலி கொடுத்துவிட வேண்டியது. வயதானவரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அவரைத் தனியாக எதிரிப் படைக்கு நடுவே அனுப்பினார். ஒருவரும் தொடவில்லை. வில்லாளிகள்கூட ஒதுங்கி வழி விட்டார்கள்.

அப்போதுதான் நோட்டில் அடிக்கோடு போட்ட பாடம் ஞாபகம் வந்தது. காலியாகத் தெரிகிற இடத்தில்தான் ஒளிந்திருப்பார்கள். தளபதிக்கு முன்னால் இருந்ததிலேயே காலியான கட்டம் ஒன்று இருந்தது. ஈ காக்கை இல்லை. செத்தோம், தொல்லை விட்டது என்று நிம்மதியாக அதைத் தொட்டார்.

அது இயக்குநரின் கோட்டை வாசல்.

கொடி ஏறியது. போன் மேளம் கொட்டியது. திரையில் இசொகாயின் பெயர் பட்டாசு வெளிச்சத்தில் மின்னியது. அவர் போனைக் கையால் மூடி ஒலியை அடக்கப் பார்த்தார். அது இன்னும் சத்தமாகக் கொட்டியது.

"பிரமாதம். நான் சுத்தமா தோத்துட்டேன்" என்றார் இயக்குநர். முகம் முழுக்கப் பல். இவ்வளவு கோபத்தையும் இவ்வளவு அழகாக மறைக்க இயக்குநரால்தான் முடியும் என்று இசொகாய் எழுந்து தலை குனிந்தார்.

"மன்னிச்சிடுங்க சார், கை தவறி..."

"அட, அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வரலாமா? நேர்ல வந்து சொல்ல வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு."

மாற்றல் உத்தரவை வீடு தேடி வந்து கொடுக்கிறார்கள் என்றால் அது வக்கனாயைவிட மோசமான இடமாகத்தான் இருக்கும். மேசைக்குத் திரும்பியபோது உராபே அவரைப் பார்க்காமல் குனிந்துகொண்டான். இசொகாய் போகும் வழியில் கம்பளிக் காலுறை ஆறு ஜோடியும் காது மூடுகிற தொப்பி ஒன்றும் வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்.

சமையலறையில் நொபுயோ சிவப்புப் பயறு அலசிக்கொண்டிருந்தாள். பயறு போட்டுச் சிவப்புச் சோறு வடிப்பது நல்ல காரியத்துக்கு மட்டும்தான்.

"என்னங்க, ஜெயிச்சுட்டீங்களாமே" என்றாள் சிரித்துக்கொண்டே.

"அதுக்குள்ள யாரு சொன்னா? நொபுயோ, நீ ஒண்ணும் புரியாம பயறு அலசுறே. நான் போயிட்டா நீ தனியா..." கம்பளிக் காலுறைகளை மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "ஞாயித்துக்கிழமை அவரே வந்து சொல்லப் போறாரு."

மினோரி ஒரு காலுறையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு காது வரைக்கும் சிவந்துபோய்ச் சொன்னாள்:

"பொண்ணு கேக்கப் போற வீட்டுல பொண்ணோட அப்பாவை ஜெயிச்சா நல்லாவா இருக்கும்னு, ஒரு வாரமா ராப்பகலா தோக்கக் கத்துக்கிட்டாருப்பா அந்த இன்னொரு மாணவர்."